முயல் ஆகாததைத் தின்றுவிட்டால்: முதல் நிமிடத்திலிருந்து முழுமையான வழிகாட்டி

நாய் கண்டதைத் தின்றால் பல நேரம் தானே கக்கிவிடும். பூனையும் அப்படித்தான். முயலால் அது முடியாது. உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் இருக்கும் தசைவளையம் அவ்வளவு இறுக்கம். உள்ளே போனது போனதுதான், திரும்பி வாய்க்கு வராது. முயல் வளர்ப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஏனென்றால் 'செல்லப்பிராணிக்கு விஷ முதலுதவி' என்று கிடைக்கும் குறிப்புகளில் பல, நாயையும் பூனையையும் மனதில் வைத்து எழுதியவை. அவற்றை அப்படியே முயலுக்குச் செய்தால், தின்ற பொருளைவிட முதலுதவியே பெரிய ஆபத்தாகிவிடும்.

இரண்டாவது, முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தின்ற நாரில் நுண்ணிய பகுதி சீக்கம் என்கிற பெரிய பையில் நுண்ணுயிர்களால் நொதித்துத்தான் சத்தாகிறது. வலி, பயம், பட்டினி என்று எது வந்தாலும் குடலின் அசைவு குறையும். குறைந்தால் வாயு சேரும், வலிக்கும், முயல் சாப்பிடாது. சாப்பிடாததால் குடல் இன்னும் மந்தமாகும். கூடவே உடலின் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ப் படியத் தொடங்கும். ஆகவே தின்ற பொருள் லேசான நச்சாக இருந்தாலும், அதன் பின்னால் வரும் குடல் நிறுத்தம் முயலின் உயிரை எடுத்துவிடலாம். விஷம், குடல் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

படி 1: பொருளை அகற்றுங்கள், முயலைத் துரத்தாதீர்கள்

முயல் எதையோ மென்றுகொண்டிருப்பதைப் பார்த்ததும் கத்திக்கொண்டு ஓடினால், அது வாயில் இருப்பதோடு சோபாவுக்கு அடியில் போய்விடும். முடிந்தால் முயலை விட்டுவிட்டு அந்தப் பொருளை எடுங்கள். செடி என்றால் தொட்டியைத் தூக்குங்கள், தூள் சிந்தியிருந்தால் அந்த இடத்தை மறையுங்கள். பிறகு முயலை நிதானமாகப் பிடிக்கலாம்.

தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியிலும் மறு கை பின்புறத்தைத் தாங்கியும் இருக்கட்டும். பின்கால் தொங்கினால் முயல் பலமாக உதைக்கும், அந்த உதையிலேயே முதுகெலும்பு முறியலாம். மல்லாக்கப் படுக்க வைத்து 'அமைதிப்படுத்தும்' பழக்கம் உள்ளவர்கள் இப்போது அதைச் செய்ய வேண்டாம். அப்படி அசையாமல் கிடப்பது அமைதியால் வருவதில்லை, அச்சத்தில் உறைவது.

வாய்க்கு வெளியே தொங்கிக்கொண்டிருப்பதை மட்டும் மெல்ல இழுத்து எடுங்கள். உள்ளே விரல் விட்டுத் துழாவாதீர்கள். முயலின் வாய் கொஞ்சமே திறக்கும், முன்பற்களோ கூர்மையானவை. பாதி மென்றதைத் தொண்டைக்குள் தள்ளிவிடவும் வாய்ப்புண்டு. நூலோ நாடாவோ பாதி விழுங்கிய நிலையில் தொங்கினாலும், ஆசனவாயில் தொங்கினாலும் இழுக்கவே கூடாது. மறுமுனை குடலில் எங்கே சிக்கியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

மின்கம்பியைக் கடித்திருந்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள், அப்புறம்தான் முயலைத் தொட வேண்டும். ரசாயனம் சிந்தியிருந்தால் சன்னல்களைத் திறந்துவிட்டு, முயலை வேறு அறைக்கு மாற்றுங்கள்.

ரோமத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். முயல் நாள் முழுக்கத் தன்னை நக்கிக்கொண்டே இருக்கும், அதனால் தோலில் பட்டதெல்லாம் கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பத் துடைத்து, உடனே ஈரம் போக ஒற்றி எடுங்கள். வாளியில் முக்கிக் குளிப்பாட்ட வேண்டாம். நனைந்த முயலின் உடல் சூடு வேகமாக இறங்கும், அந்த அதிர்ச்சி ஒன்றே போதும் அதைச் சாய்த்துவிட.

வீட்டில் இரண்டு முயல் இருந்தால், தின்றதை நீங்கள் பார்த்தது ஒன்றைத்தான் என்றாலும் இரண்டும் தின்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: என்ன, எவ்வளவு, எப்போது

மருத்துவருக்கு இந்த மூன்றும் வேண்டும். நான்காவதாக முயலின் எடை. எந்த நச்சும் ஒரு கிலோ எடைக்கு எத்தனை மில்லிகிராம் என்றே கணக்கிடப்படுகிறது. 2 கிலோ முயல் 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியைத் தின்றிருந்தால் உள்ளே போனது 250 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 125. அதே பாதி மாத்திரை 60 கிலோ மனிதருக்குக் கிலோவுக்கு 4 மில்லிகிராமைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 'கொஞ்சம்தானே கடித்தது' என்ற ஆறுதல் முயல் விஷயத்தில் ஏன் செல்லாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

மீதமிருப்பதை எண்ணுங்கள். அட்டையில் 10 மாத்திரை இருந்து இப்போது 7 இருந்தால், மூன்றையும் தின்றது என்றே சொல்லுங்கள். தரையில் உருண்டு கிடப்பது பிறகு கிடைத்தால் நல்லது. நேரம் சரியாகத் தெரியாவிட்டால், முயலைக் கடைசியாக நன்றாகப் பார்த்த நேரத்தைச் சொல்லுங்கள்.

உறை, புட்டி, லேபிள், மீதி இலை எல்லாவற்றையும் கையுறை போட்டு எடுத்து, மூடிய பையில் வையுங்கள். லேபிளில் வணிகப் பெயரைவிட முக்கியம், சிறிய எழுத்தில் இருக்கும் வேதிப்பொருளின் பெயரும் அதன் சதவீதமும். அதைத் தெளிவாகப் படம் எடுங்கள். செடி என்றால் ஓர் இலை போதாது, பூவோ காயோ இருக்கிற கிளையாகவே கொண்டுபோங்கள்.

இதற்கெல்லாம் ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டாம். பொருள் என்னவென்று தெரியவில்லை என்பதற்காக வீடு முழுக்கத் தேடிக்கொண்டு புறப்படாமல் இருப்பது தவறு.

படி 3: அறிகுறிக்காகக் காத்திருக்காமல் தொலைபேசியில் அழையுங்கள்

முயல் இரையாகும் விலங்கு. உடம்பு முடியவில்லை என்பதைக் கடைசிவரை மறைக்கும், நோயைக் காட்டிக்கொண்ட முயல் காட்டில் பிழைக்காது. நமக்கு அறிகுறி தெரியும் நேரத்தில் பிரச்சினை பாதி வழி போயிருக்கும்.

கால்நடை மருத்துவர்களில் பெரும்பாலோருக்கு அன்றாடம் வருபவை நாய், பூனை, மாடு, ஆடு. முயலுக்கு வைத்தியம் பார்த்துப் பழகியவர் யார், இரவில் யார் எடுப்பார்கள் என்பதை முயல் நன்றாக இருக்கும்போதே விசாரித்து எண்ணைச் சேமித்து வைப்பது நல்லது. சில நாடுகளில் விலங்குகளுக்கென்றே நச்சுத் தகவல் தரும் தொலைபேசிச் சேவை உண்டு, உங்கள் பகுதியில் இருந்தால் அந்த எண்ணும் இருக்கட்டும்.

பேசும்போது சுருக்கமாக, இப்படி: "டாக்டர், என் முயல் 2 கிலோ, ஒன்றரை வயது. முக்கால் மணி நேரம் முன்னால் அரளி இலை இரண்டு மூன்று தின்றிருக்கிறது. இப்போது உட்கார்ந்திருக்கிறது, மூச்சு வேகமாக இருக்கிறது. காலையில் நன்றாகச் சாப்பிட்டது. உடனே கொண்டுவரலாமா? வழியில் ஏதாவது கொடுக்க வேண்டுமா?" முயல் ஏற்கெனவே ஏதாவது மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் புறப்பட்டுக்கொண்டே அழையுங்கள்:

- வலிப்பு, நடுக்கம், தலை ஒரு பக்கமாகச் சாய்தல், எழுந்திருக்க முடியாமை
- வாயைத் திறந்து மூச்சுவிடுதல்
- வயிறு திடீரென உப்பிக் கெட்டியாதல்
- காதும் காலும் சில்லிட்டுப்போதல்
- ஈறு வெளுத்தோ நீலமாகவோ தெரிதல், எங்கிருந்தாவது இரத்தம் கசிதல்
- தின்றது எலி மருந்து, பூச்சிக்கொல்லி, மனிதர் மாத்திரை, அரளி போன்ற கடும் நச்சுச் செடி என்று தெரிந்திருத்தல்

படி 4: செய்யக் கூடாதவை

வாந்தி வரவைக்க உப்புத் தண்ணீர், ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் கொடுக்காதீர்கள். முயலால் கக்க முடியாது என்பதால் பலன் பூஜ்யம். உப்பு உடலின் சமநிலையைக் குலைக்கும், பெராக்சைடு இரைப்பையைப் புண்ணாக்கி வாயுவால் நிரப்பும்.

பால் விஷத்தை முறிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. வளர்ந்த முயலுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது; ஏற்கெனவே தடுமாறும் குடலில் இன்னொரு குழப்பம்தான் சேரும். எண்ணெயும் வேண்டாம். சில நச்சுகள் கொழுப்போடு சேர்ந்தால் உடலில் இன்னும் சுலபமாக ஏறும், மூச்சுக்குழாயில் போனால் நிமோனியா.

கரித்தூளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே ஒரு மருந்து. மருத்துவர்கள் பயன்படுத்துவது செறிவூட்டிய கரி (activated charcoal). பல நச்சுகளைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொண்டு குடல் வழியே வெளியேற்றும். ஆனால் அமிலம், காரம், ஈயம் போன்றவற்றுக்கு அது உதவாது. திமிறும் முயலின் வாயில் சிரிஞ்சால் கறுப்புக் குழம்பைச் செலுத்தினால் நுரையீரலுக்குள் போகும் அபாயமும் உண்டு. மருத்துவர் அளவைச் சொல்லி, 'கொடுங்கள்' என்று சொன்னால் மட்டுமே. அடுப்புக் கரிக்கு இந்த வேலை தெரியாது.

வயிற்றைக் காயப்போடாதீர்கள். அதற்காகத் திணிக்கவும் வேண்டாம். சுத்தமான உலர்ந்த புல்லும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும், தானாகத் தின்றால் தின்னட்டும். வயிறு உப்பியிருந்தாலோ முயல் மயங்கிய நிலையில் இருந்தாலோ வாய்வழியாக ஒரு சொட்டும் போகக் கூடாது.

கடைசியாக, வீட்டில் இருக்கும் வலி மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும். இவை எப்படி முயலைக் கொல்லும் என்பது கொஞ்சம் கீழே வருகிறது.

படி 5: முயலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அமைதியாக உட்கார்ந்திருக்கும் முயல் நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சுவிடும். விலாப்புறத்தைப் பார்த்து 15 விநாடிக்கு எண்ணி நான்கால் பெருக்குங்கள். முயல் மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி என்பதால், வாய் திறந்து மூச்சு வாங்கினால் நிலைமை மிக மோசம்.

உடல் வெப்பம் ஏறக்குறைய 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 38க்குக் கீழே போனால் அவசரம். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பழக்கமில்லாதவர்கள் இப்போது பழக வேண்டாம், காதைத் தொட்டுப் பாருங்கள். காதோடு பாதமும் சில்லிட்டு, முயல் துவண்டிருந்தால் போதும், எண் தேவையில்லை.

வலியில் இருக்கும் முயல் முதுகை வளைத்து உருண்டையாக உட்காரும், கண்ணைப் பாதி மூடிக்கொள்ளும், வயிற்றைத் தரையில் அழுத்தும், பல்லை நறநறவென்று கடிக்கும். தடவிக்கொடுக்கும்போது சுகத்தில் வரும் மெல்லிய பல்லொலி வேறு, அது லேசாக, சீராக இருக்கும்.

எல்லாவற்றையும்விட நேர்மையான சாட்சி புழுக்கை. நல்ல நிலையில் இருக்கும் முயல் நாளைக்கு நூற்றுக்கணக்கில் போடும். சிறுத்து, ஒழுங்கற்ற வடிவில் வந்தால் குடல் மந்தமாகிறது. நின்றுவிட்டால் ஆபத்து. இரவில் கொத்தாக, மினுமினுப்பாக வரும் மென்மையான புழுக்கையை முயல் நேராக வாயால் எடுத்துத் தின்னும், அது அதன் இயல்பு; அதைப் பேதி என்று நினைத்துப் பதற வேண்டாம். தண்ணீராகப் போனால்தான் பேதி.

எது எப்படி இருந்தாலும், 12 மணி நேரம் முயல் எதுவும் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அது அவசர நிலை. குட்டிக்கு அவ்வளவு நேரமும் கொடுக்காதீர்கள்.

படி 6: தின்றது எது என்பதைப் பொறுத்து

*எலி மருந்து.* இதில் பல வகை உண்டு, வகைதான் வைத்தியத்தைத் தீர்மானிக்கும். எலியாலும் வாந்தியெடுக்க முடியாது. அந்தப் பலவீனத்தை நம்பித்தான், மற்ற விலங்குகள் தவறித் தின்றால் கக்கிவிடட்டும் என்று சில எலி மருந்துகளில் வாந்தி வரவைக்கும் பொருளைச் சேர்ப்பதுண்டு. அந்தப் பாதுகாப்பு முயலுக்கு இல்லை.

புரோமடியோலோன், புரோடிஃபாகூம் போன்றவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற அன்று முயல் துள்ளிக்கொண்டு திரியும். இரண்டு முதல் ஐந்து நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூக்கிலோ மலத்திலோ இரத்தம் வரும், மூச்சு வாங்கும். அறிகுறி வருமுன்னே வைட்டமின் கே1 தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிக நல்லது. 'ஒன்றும் ஆகவில்லையே' என்று இரண்டு நாள் காத்திருப்பவர்கள் இழப்பது இந்த வாய்ப்பைத்தான். (இடையில் ஒன்று: முயலின் சிறுநீர் தீவனத்திலுள்ள நிறமிகளால் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ வருவது சாதாரணம். அது இரத்தமா என்பதைச் சோதனைத் தாளில் மருத்துவர் பார்த்துச் சொல்வார்.)

துத்தநாக பாஸ்பைடு கறுப்புச் சாம்பல் நிறத் தூள், பூண்டு போலவோ அழுகிய மீன் போலவோ வாடை அடிக்கும். வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும். இது சில மணி நேரத்தில் வேலையைக் காட்டும், இதற்கென்று முறிமருந்தும் கிடையாது. முயலின் மூச்சிலிருந்து வரும் வாயு உங்களுக்கும் கெடுதல். வண்டியில் போகும்போது சன்னலைத் திறந்தே வையுங்கள், மருத்துவமனைக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புரோமெதலின் மூளையையும் நரம்பையும் தாக்கும். வைட்டமின் டி3 கலந்த எலி மருந்து இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

*மனிதர் மருந்துகள்.* அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் ஆகியவற்றை வாய்வழியாக எடுத்துக்கொண்ட முயலின் சீக்கத்தில் நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து, கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் பெருகி நச்சைச் சுரக்கும். ஓரிரு நாளில் கடும் பேதி, சோர்வு, மரணம். நமக்குச் சாதாரணமான மாத்திரை, முயலுக்குக் குடலையே அழிக்கும் பொருள். அமாக்ஸிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த பென்சிலினை மருத்துவர்கள் முயலுக்கு ஊசியாகப் போடுவதுண்டு. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கக் கூடாது. ஐபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும்.

*நாய், பூனைக்கான உண்ணி மருந்து.* ஃபிப்ரோனில் கலந்த சொட்டு மருந்தை முயலுக்குப் போடக் கூடாது. வலிப்பு வரும், அதுவும் சில நாள் கழித்துக்கூட வரலாம். நாய்க்குப் போட்டுவிட்டு முயலோடு படுக்க விட்டால், முயல் நாயின் ரோமத்தை நக்கியே அதைத் தின்றுவிடும்.

*பூச்சிக்கொல்லி.* ஆர்கனோபாஸ்பரஸ் வகை தெளித்த கீரையோ புல்லோ தின்றால் எச்சில் ஒழுகும், கண்மணி சுருங்கும், உடல் நடுங்கும், மூச்சு திணறும். இதற்குக் கொடுக்கும் அட்ரோபைனில் ஒரு சிக்கல் உண்டு. பல முயல்களின் உடலில் அட்ரோபைனை வேகமாகச் சிதைக்கும் நொதி இருக்கிறது. அதனால் மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்க நேரும், அல்லது கிளைக்கோபைரோலேட்டுக்கு மாற நேரும். முயல் அனுபவமுள்ள மருத்துவரைத் தேடச் சொன்னதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

*செடிகள்.* அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே இதயத் துடிப்பைக் குலைக்கும். காய்ந்த சருகிலும் நஞ்சு போகாது. எருக்கும் அதே வகை. ஆமணக்கு விதையும் குன்றிமணியும் மென்று உடைபட்டால் உயிருக்கு ஆபத்து. உண்ணிச்செடி கல்லீரலைத் தாக்கும். வீட்டுக்குள் வளர்க்கும் மணி பிளான்ட், டைஃபன்பேக்கியா, ஃபிலோடென்ட்ரான் ஆகியவற்றின் இலையில் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்த உடனே வாய் எரிந்து, எச்சில் ஒழுகி, முயல் முகத்தைத் தேய்த்துக்கொள்ளும். எரிச்சலால் பெரும்பாலும் நிறையத் தின்பதில்லை. ஆனால் வாய்ப்புண்ணால் சாப்பிடாமல் போனால் குடல் நிற்கும், ஆகவே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நச்சுச் செடிப் பட்டியல்களில் இருப்பவை பலவும் மாடு, குதிரை, நாயிடம் கண்டதை வைத்து எழுதியவை. பட்டியலில் இருக்கிறது என்பதற்காக நம்பிக்கை இழக்க வேண்டாம், இல்லை என்பதற்காக நிம்மதியாக இருக்கவும் வேண்டாம். முயல் விவரமானது, கெட்டதைத் தானே ஒதுக்கிவிடும் என்று சிலர் சொல்வார்கள். கூண்டில் வளர்ந்த முயலிடம் அந்த அறிவை எதிர்பார்க்க முடியாது.

*சமையலறைப் பொருள்கள்.* அவகாடோவின் இலை, தோல், கொட்டை, சதை எல்லாவற்றிலும் பெர்சின் இருக்கிறது, இதயத்தைக் கெடுக்கும். சாக்லேட்டில் தியோப்ரோமினும் கஃபீனும். கறுப்பு சாக்லேட் அதிக ஆபத்து. வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், அந்தச் சோகை தெரிய சில நாள் ஆகும். பச்சை பூத்த உருளைக்கிழங்கு, தக்காளியின் இலை, தண்டு வேண்டாம். ஆப்பிள் விதை ஒன்றிரண்டை விழுங்கிவிட்டால் ஓட வேண்டியதில்லை, பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ரொட்டி, பிஸ்கட், தானியம் நச்சு இல்லை. ஆனால் நிறையத் தின்றால் மாவுச்சத்து சீக்கத்தின் சமநிலையைக் கெடுத்து வாயுவும் பேதியும் வரும். அன்றும் மறுநாளும் புல் மட்டும் கொடுத்து, புழுக்கையைக் கவனியுங்கள்.

*விழுங்கக் கூடாத பொருள்கள்.* கம்பள நார், ரப்பர், பிளாஸ்டிக், துணி, தண்ணீர் பட்டால் கட்டியாகும் பூனை மணல் ஆகியவை குடலை அடைக்கலாம். காகிதமும் அட்டையும் கொஞ்சம் தின்றால் பெரும்பாலும் வெளியே போய்விடும். அடைப்பு வந்தால் மெதுவாக வராது. காலையில் சாப்பிட்ட முயல் மதியம் துவண்டு, இரைப்பை காற்றடைத்த பந்து போலக் கெட்டியாகி, உடல் சில்லிட்டுக் கிடக்கும். இதற்கு விடியும்வரை காத்திருக்கவே கூடாது.

*ஈயமும் மின்கம்பியும்.* பழைய வண்ணப்பூச்சுள்ள சுவரையோ கதவையோ சுரண்டும் முயலுக்குக் காரணம் தெரியாத சோர்வும் எடைக் குறைவும் இருந்தால் ஈயத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதற்கு வைத்தியம் உண்டு. கம்பியைக் கடித்து மின்சாரம் தாக்கிய முயல் உடனே எழுந்து ஓடினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். வாய்ப்புண் ஒருபுறம், நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்து வரும்.

படி 7: கொண்டுபோவது

மூடியுள்ள உறுதியான பெட்டி, அடியில் வழுக்காத துண்டு, ஒரு கைப்பிடி உலர்ந்த புல். மேலே துணி போட்டுப் பாதி இருட்டாக்குங்கள், காற்று போகட்டும். மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டாம். உடல் சில்லிட்டிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், சூடாக இருந்தால் முயல் நகர்ந்துகொள்ள இடம் விட்டு.

ஜோடியாக வளரும் முயல் என்றால் இரண்டையும் ஒரே பெட்டியில் கொண்டுபோங்கள், ஒன்று வலிப்பில் இருந்தால் மட்டும் பிரித்து. துணை அருகில் இருந்தால் பதற்றம் குறையும், மற்றதையும் சோதித்துவிடலாம், திரும்பி வந்ததும் வேற்று வாடையால் சண்டை வராது.

வழியில் விழும் புழுக்கையைத் துடைத்து எறிந்துவிடாதீர்கள், மருத்துவருக்குக் காட்டுங்கள்.

படி 8: மருத்துவமனையில்

முதலில் உடலைச் சூடாக்கி, தோலுக்கு அடியிலோ நரம்பிலோ நீரேற்றி, வலியைக் குறைப்பார்கள். முறிமருந்து இருக்கும் நச்சுகள் குறைவு; பெரும்பாலான முயல்களைக் காப்பது இந்த மூன்றும்தான். 'விஷத்துக்கு ஒன்றும் கொடுக்கவில்லையே' என்று கோபப்படாதீர்கள். நேரம் இருந்தால் குழாய் வழியே செறிவூட்டிய கரி கொடுக்கலாம். ஆன்டிபயாட்டிக்கால் குடல் கெட்டிருந்தால், கிருமி சுரக்கும் நச்சை உறிஞ்ச கொலஸ்டிரமைன் கொடுப்பதுண்டு.

குடல் மந்தமா, அடைப்பா என்பதை எக்ஸ்ரேயும் இரத்தச் சர்க்கரையும் சேர்ந்து காட்டும். சர்க்கரை டெசிலிட்டருக்கு 360 மில்லிகிராமைத் தாண்டினால் அடைப்பு என்ற சந்தேகம் வலுக்கும். குடலை அசைய வைக்கும் மருந்தைக் கொடுக்குமுன் 'அடைப்பு இல்லை என்று பார்த்துவிட்டீர்களா, டாக்டர்?' என்று கேட்பதில் தவறில்லை. நல்ல மருத்துவர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

கிளம்புமுன் எழுதி வாங்க வேண்டியவை: என்ன மருந்து, எத்தனை மி.லி., எத்தனை மணிக்கு ஒரு முறை, எப்போது திரும்ப வர வேண்டும், இரவில் யாரை அழைப்பது.

படி 9: வீட்டில் அடுத்த சில நாள்கள்

முதல் இரண்டு நாள் முயலைத் தரையில், கண்ணில் படுகிற இடத்தில், வெள்ளைத் துணி விரித்து வையுங்கள். புழுக்கையின் எண்ணிக்கையும் அளவும் அதில் தெளிவாகத் தெரியும். உலர்ந்த புல்லும் பழகிய கீரையும் மட்டும் போதும், பெல்லட் தீவனத்தையும் பழத்தையும் மருத்துவர் சொல்லும்வரை நிறுத்துங்கள். தண்ணீரைக் குழாய்ப் பாட்டிலோடு கிண்ணத்திலும் வையுங்கள், சோர்ந்த முயல் கிண்ணத்தில் அதிகம் குடிக்கும்.

தானாகத் தின்னாத முயலுக்கு நார்ச்சத்துள்ள மாவுத் தீவனத்தைக் குழைத்து ஊட்டச் சொல்வார்கள். ஒரு வேளைக்கு எவ்வளவு, நாளைக்கு எத்தனை வேளை என்பதை முயலின் எடையைப் பார்த்து மருத்துவரே சொல்வார். ஊட்டும் முறை இப்படி: துண்டில் முயலை இறுக்கமில்லாமல் சுற்றி, நான்கு காலும் தரையில் இருக்க உட்கார வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சை முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் பக்கவாட்டில் நுழையுங்கள். அரை மி.லி. கொடுத்து, மென்று விழுங்கும்வரை நில்லுங்கள். அப்புறம் அடுத்த அரை மி.லி. தலையை அண்ணாந்து பிடிக்கக் கூடாது. மூக்கில் வந்தாலோ இருமினாலோ உடனே நிறுத்துங்கள். இருபது நிமிடம் பிடிக்கிற வேலை இது, அவசரக்காரர் வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவது நல்லது.

மருத்துவர் தந்த வலி மருந்தை, முயல் தெளிவாகத் தெரிகிறதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். வலி திரும்பினால் சாப்பாடு நிற்கும், சாப்பாடு நின்றால் குடல் நிற்கும்.

தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை பாருங்கள். எடை தொடர்ந்து இறங்கினாலோ, புழுக்கை மறுபடி சிறுத்தாலோ, எச்சில் ஒழுகினாலோ உடனே திரும்பப் போக வேண்டும். வெங்காயம், ஈயம், இரத்தம் உறைவதைத் தடுக்கும் எலி மருந்து ஆகியவற்றில் முதல் வாரம் நன்றாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எலி மருந்துக்கு வைட்டமின் கே1 பல வாரம் தொடர வேண்டியிருக்கும். கடைசி வேளை கொடுத்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள் இரத்தம் உறையும் நேரத்தை ஒரு முறை சோதித்து, அது சரியாக இருந்தால்தான் மருந்தை முழுவதுமாக விடலாம்.